மேனேஜர் பாராட்டினாரா, கலாய்த்தாரா?

தம்பி, நீங்கள் கேட்டதன் சுருக்கம் இதுதானே: "கோவையிலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸுக்கு டெஸ்டிங் வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம் ரிலீஸ் முடிந்த கொஞ்ச நேரத்தில் லாகின் பக்கமே திறக்கவில்லை. டீம் சாட்டில் மேனேஜர் 'வெல், தட் வென்ட் வெல்' என்று போட்டார். நான் 'தேங்க் யூ சார்' என்று பதில் போட்டேன். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் (எமோஜி). என்னைக் கேலி செய்கிறார்களா அண்ணா? வெறும் எழுத்தில் கிண்டலை எப்படிக் கண்டுபிடிப்பது?"

முதலில் பயத்தை விடுங்கள். மேனேஜர் கிண்டலடித்தது உங்களை அல்ல, நடந்த கூத்தை. அதில் அவரும் சேர்த்தி. நிஜமாகவே கோபம் என்றால் சாட்டில் எதுவும் வந்திருக்காது, "ஹேவ் யூ காட் ஃபைவ் மினிட்ஸ்?" என்று உங்களுக்கு மட்டும் தனியாக வந்திருக்கும். இந்த ஊரில் வயிறு கலங்க வேண்டியது அந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான். சிரித்தவர்களில் பாதிப் பேர், உங்கள் "தேங்க் யூ சார்" மேனேஜருக்கே கொடுத்த பதிலடி என்று நினைத்திருப்பார்கள். அப்படியே இருக்கட்டும், விளக்கம் கொடுத்துக் கெடுத்துவிடாதீர்கள். "சார்" மட்டும் இனி வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்.

இனி கண்டுபிடிக்கும் வழி. நம் ஊரில் கிண்டல் பெரும்பாலும் ஊதிப் பெரிதாக்கும். ஒருவர் சொதப்பினால் "வந்துட்டாருய்யா பெரிய ஐன்ஸ்டீன்" என்று இழுப்போம். அந்த இழுவையிலேயே விஷயம் தெரிந்துவிடும். இங்கிலாந்துக்காரர்கள் எதிர்த் திசையில் போகிறவர்கள். நடந்தது மலை அளவு இருக்கும், சொல்வது கடுகு அளவு இருக்கும். அதனால் வார்த்தையை மட்டும் பார்த்தால் பிடிபடாது. என்ன நடந்தது, அதற்கு எவ்வளவு சொன்னார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

இதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. 1982 ஜூன் 24 அன்று, லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக நியூசிலாந்து போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் புகுந்தது. கேப்டன் எரிக் மூடி பயணிகளுக்கு அறிவித்தார்: நமக்கு ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு எஞ்சினும் நின்றுவிட்டன, மறுபடி ஓட வைக்க முழுமூச்சாக முயல்கிறோம், உங்களுக்கு ரொம்பவும் சங்கடமாக இல்லை என்று நம்புகிறேன். அப்புறம் எஞ்சின்கள் உயிர்பெற்று, ஜகார்த்தாவில் எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை. பதற்றத்தை இவர்கள் அப்படித்தான் அமுக்கி வைக்கிறார்கள். உங்கள் மேனேஜரின் கிண்டலும் இதே பழக்கத்திலிருந்து வருவதுதான்.

ஆங்கிலமே தாய்மொழியான அமெரிக்கர்களுக்கே இது பிடிபடாமல் போனதுண்டு. 1951 ஏப்ரலில், கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் படையைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. நிலைமை எப்படி என்று கேட்ட அமெரிக்க ஜெனரலிடம் பிரிட்டிஷ் பிரிகேடியர் பிரோடி, "கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது" என்கிற தினுசில் பதில் சொன்னார். கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது என்று அவர் சொல்ல வந்தார். ஏதோ சமாளிக்கிறார்கள் என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டார் என்று இன்றும் சொல்வார்கள். அந்தப் படையில் பெரும்பாலோர் கைதிகளானார்கள். நீங்கள் ஒரு "தேங்க் யூ" போட்டதற்குத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

அதற்காக அடக்கிச் சொல்லும் வித்தை நமக்குத் தெரியாதது என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை என்ன செய்தாள்? புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் பாருங்கள். உங்கள் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. எங்கள் ஆளுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறாள். ஒரு கடுஞ்சொல் கிடையாது. உங்கள் கோவைக் குசும்பும் இதே வம்சம்தான். மத்தியானம் ஆபீஸுக்கு வருகிறவரிடம் "ஏனுங்க, இன்னிக்கு வெள்ளனவே வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்று மரியாதை குறையாமல் சொல்கிற ஊர்க்காரர் நீங்கள். உங்களுக்கு இங்கே பாதி வேலை மிச்சம்.

எழுத்தில் முகமும் குரலும் இல்லை என்பதுதான் தொல்லை, அது உங்களுக்கு மட்டும் அல்ல. 1982இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டதாக யாரோ கணினியில் விளையாட்டாக எழுதியதை நிஜ எச்சரிக்கை என்று சிலர் நம்பிவிட்டார்கள். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் ஸ்காட் ஃபால்மன், ஜோக் என்றால் முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிக்கும் முகமாகப் போடலாம் என்று செப்டம்பர் 19 அன்று யோசனை சொன்னார். 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். நாம் எழுதுவது கிண்டலா நிஜமா என்று படிப்பவர் 100க்கு 78 தடவை கண்டுபிடித்துவிடுவார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 தடவைதான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும்! ஆகவே அடுத்த தடவை குழம்பினால், எழுதினவர்மேலும் பாதித் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் சில தடயங்கள் உண்டு. எப்போதும் ஆச்சரியக்குறியோடு எழுதுகிறவர் திடீரென்று "கிரேட்" என்று ஒற்றைச் சொல்லும் அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தால், அது கிரேட் இல்லை. (ஒற்றைச் சொல் குறுஞ்செய்தியில் முற்றுப்புள்ளி இருந்தால் மனமில்லாமல் சொன்னதுபோலத் தோன்றுகிறது என்று 2015இல் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.) தலைகீழாகச் சிரிக்கும் பொம்மை வந்தால் சொன்னதைத் திருப்பிப் படியுங்கள். திங்கட்கிழமை காலை சாட்டில் இப்படி ஒன்று வரும்: "ட்ரெயின் கேன்சல். அடுத்ததும் கேன்சல். மழை. லிவிங் த ட்ரீம்." (கனவு வாழ்க்கையாம்!) அதன் கீழே இன்னொருவர் ஒரே சொல்லில்: "ஜெலஸ்." இருவரும் சிரிப்புப் பொம்மை போட மாட்டார்கள், போட்டால் சுவை போய்விடும். இதற்கு நீங்கள் உருக்கமாக ஆறுதல் சொன்னால் தப்பில்லை, சப்பென்று ஆகிவிடும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் கிண்டல் என்று சந்தேகப்பட ஆரம்பிப்பது அடுத்த ஆபத்து. நம் வட்டாரத்து யார்க்‌ஷயர்க்காரர் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து "நாட் பேட்" என்றால் வீட்டில் பாயசம் வைக்கலாம், அதற்குமேல் அவர் புகழ மாட்டார். "கொய்ட் குட்" என்றால் எங்கே இடிக்கிறது என்று கேளுங்கள். "நான்தான் மண்டூகம் போல, ஆனால் மூன்றாவது பக்கம் எனக்குப் புரியவில்லை" என்று எழுதினால், மூன்றாவது பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள் என்று அர்த்தம். இது கிண்டலே அல்ல, சுத்தமான மரியாதை.

புரியாதபோது என்ன பதில் போடுவது? விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். "தட் வென்ட் வெல்" என்று வந்தால், "பழைய வெர்ஷனுக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறோம், பத்து நிமிஷம்" என்று எழுதுங்கள். கிண்டலாக இருந்தாலும் பொருந்தும், இல்லாவிட்டாலும் பொருந்தும்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். உங்கள் வேலையை, குளிருக்கு நீங்கள் போடும் மூன்று ஸ்வெட்டரைச் சீண்டினால் பெரும்பாலும் சேர்த்துக்கொண்டார்கள் என்றே பொருள். நிறத்தையும் மதத்தையும் தொட்டுவிட்டு "ஜஸ்ட் பான்டர்", அதாவது சும்மா கேலிதான், என்றால் சிரித்து மழுப்ப வேண்டாம். யார்க்‌ஷயர் கிரிக்கெட் கிளப்பில் ஆடிய பாகிஸ்தான் வம்சாவளி வீரர் அசீம் ரஃபீக்கை நோக்கிச் சொன்ன இனவெறிச் சொல்லை, நட்பான பான்டர் என்று விசாரணை அறிக்கை வர்ணித்திருந்தது 2021இல் வெளியே வந்து நாடே கொந்தளித்தது. அந்த நவம்பரில் அவர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சொன்னவரின் நோக்கத்தை மட்டும் பார்ப்பதில்லை, கேட்டவரின் கண்ணியத்துக்கு என்ன ஆயிற்று என்றும் பார்க்கிறது. தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் கிண்டலில் இறங்கலாமா என்றால், தாராளமாக. விமான நிலையம், வெடிகுண்டு பக்கம் மட்டும் போகாதீர்கள். 2010 ஜனவரியில், நமக்குப் பக்கத்து டான்காஸ்டரில், பனியால் மூடிய ராபின் ஹுட் விமான நிலையத்தை ஒரு வாரம் சொச்சத்தில் திறக்காவிட்டால் தகர்த்துவிடுவேன் என்று ஓர் இளைஞர் எரிச்சலில் ட்விட்டரில் எழுதினார். கைது, வழக்கு, 385 பவுண்ட் அபராதம், செலவுத்தொகை வேறு. அது மிரட்டல் அல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்யும்போது 2012 ஜூலை ஆகிவிட்டது. அதற்குள் வேலையும் போயிருந்தது.

மற்றபடி உங்களை வைத்தே ஆரம்பியுங்கள்: உங்கள் சமையல், உங்கள் குடை, நீங்கள் விட்ட பஸ். முதல் சில மாதம் மற்றவர்களைத் தொட வேண்டாம். அவசரம் என்றால் லீட்ஸ் யுனைடெட் ரசிகராகிவிடுங்கள். உங்களை நீங்களே கேலி செய்துகொள்ள வாராவாரம் விஷயம் கிடைக்கும்.