8 கிலோ அடர்தீவனம் போட்டும் பால் ஏறவில்லையே?

பால் கூட மாட்டுக்கு என்ன போடலாம்? வாசகர்கள் பலரும் இதைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். என்ன போடலாம் என்பதற்கு முன்னால், போட்டது வயிற்றுக்குள் என்ன ஆகிறது என்று பார்த்துவிடுவோம்.

கேள்வி: என் கலப்பினப் பசு 12 லிட்டர் கறக்கிறது. 15 லிட்டருக்குக் கொண்டுவரலாம் என்று அடர்தீவனத்தை (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை) 5 கிலோவிலிருந்து 8 கிலோவாகக் கூட்டினேன். பால் ஏறவில்லை, கொழுப்பு 4 சதவீதத்திலிருந்து 3-க்கு இறங்கிவிட்டது. தீவனம் சரியில்லையா?

பதில்: தீவனத்தைக் குறை சொல்லாதீர்கள், அளவுதான் தப்பு. நாம் போடுவதை முதலில் தின்பது மாடு இல்லை. அதன் முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை தின்று, புளிக்க வைத்து, மிச்சம் தருவதில்தான் மாடு பிழைக்கிறது. அவற்றில் ஒரு கூட்டம் நாரைச் செரிக்கும். அப்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம்தான் பால் கொழுப்புக்கு முக்கிய மூலப்பொருள். அடர்தீவனத்தில் உள்ள மாவுச்சத்து ஒரே வேளையில் அளவுக்கு மீறிப் போனால் வயிறு புளித்துப்போகும். நாரைச் செரிக்கும் கூட்டத்துக்கு அந்தப் புளிப்பு ஆகாது. முதலில் கொழுப்பு இறங்கும். அப்புறம் பசி குறையும், சாணம் நுரைத்துக் கூழாகும், நாளாக ஆகக் குளம்பும் கெடும்.

புளிப்பை அடக்க மாட்டிடமே மருந்து இருக்கிறது, அதன் எச்சில்தான். ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் ஊறும். அதில் சோடா உப்பு உண்டு. ஆனால் மென்றால்தான் எச்சில் ஊறும், நீளமான நார் இருந்தால்தான் மாடு மெல்லும்.

மதியத்தில் மாடு படுத்திருக்கும்போது பத்தடி தள்ளி உட்கார்ந்து அதன் கழுத்தையே பாருங்கள். ஓர் உருண்டை தொண்டை வழியே மேலே ஏறி வருவது கண்ணுக்குத் தெரியும். அது வாய்க்கு வந்ததிலிருந்து மறுபடி விழுங்கும்வரை தாடை எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். 50, 60 என்றால் சரி. 40-க்குக் கீழே போனால் நார் போதவில்லை. செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் யாருக்கும் தீவன அளவு சொல்வதில்லை.

உங்கள் பசு 400 கிலோ எடை இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் அதற்கு நாளுக்கு ஏறக்குறைய 12 கிலோ உலர்பொருள் வேண்டும். பசுந்தீவனம் 25 கிலோ போட்டால், ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் போக, 5 கிலோதான் கணக்கில் வரும். உலர்தீவனம் 3 கிலோவும் அடர்தீவனம் 5 கிலோவும் சேர்ந்தால், அவற்றிலும் இருக்கும் பத்தில் ஒரு பங்கு ஈரம் போக, கணக்கு நேராகிவிடும். அதற்கு மேல் அடர்தீவனம் போட்டால் வயிற்றில் நாருக்கு இடமிருக்காது. எனவே பழைய 5 கிலோவுக்கே படிப்படியாக இறங்குங்கள். அதையும் மூன்று வேளையாகப் பிரித்து, கொஞ்சம் நார்த்தீவனம் தின்ற பிறகு வையுங்கள். தட்டையை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் நறுக்குங்கள். பொடியாக்கினால் மாடு மெல்லாமலே விழுங்கிவிடும். பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு குதிரைமசால், வேலிமசால், காராமணி போன்ற பயறு வகையாக இருந்தால் புரதக் குறையும் தீரும். 15 லிட்டர் வருமா என்பதை இதெல்லாம் சரியான பிறகு பார்க்கலாம்.

கேள்வி: காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் தண்ணீர் காட்டுகிறேன். போதுமா?

பதில்: போதாது. பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். 12 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளுக்கு 60 முதல் 80 லிட்டர் வரை தேவைப்படும், வெயில் காலத்தில் 100-ஐத் தாண்டும். பால் கறந்து முடித்ததும், தீவனம் தின்றதும் அதற்குத் தாகம் அதிகம். நாம் வாளியோடு வரும் நேரத்துக்காக அது காத்திருக்க வேண்டி வந்தால், தண்ணீர் குறைகிறது, கூடவே தீனியும் குறைகிறது.

ஒரு கொட்டகையில் பால் குறைகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். தீவனத்தில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டேன், உள்சுவர் முழுக்கப் பாசி வழுக்கியது, அடியில் பழைய தவிடு புளித்து நாறியது. மாடுகள் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு, நாலு வாய் குடித்துத் தலையை எடுத்துக்கொண்டிருந்தன. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, நிழலில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி செய்தார்கள். வேறு எதையும் மாற்றவில்லை. ஒரு வாரத்துக்குள் பால் பழைய அளவுக்குத் திரும்பியது. எத்தனையோ கொட்டகைகளைப் பார்த்துவிட்டேன், இன்றும் நான் முதலில் பார்ப்பது தண்ணீர்த் தொட்டியைத்தான்.

கேள்வி: தினமும் 2 கிலோ அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணி) கொடுத்தால் பிண்ணாக்கை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். உலர்ந்த அசோலாவில் கால் பங்கு புரதம் இருப்பது உண்மைதான். ஆனால் பச்சையாக அள்ளும் அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 2 கிலோவில் தேறும் புரதம் 30 கிராம் சுற்றித்தான் வரும். ஒரு லிட்டர் பாலிலேயே அவ்வளவு புரதம் வெளியே போய்விடுகிறது. கூடுதலாகக் கொடுங்கள், நல்லதுதான். பிண்ணாக்குக்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

கேள்வி: மாடு ஏழு மாதச் சினை. கறவையை நிறுத்தப் போகிறேன். இனி வெறும் வைக்கோல் போதும்தானே?

பதில்: இந்த இடத்தில்தான் அடுத்த ஈத்துப் பாலை நாமே கெடுத்துக்கொள்கிறோம். கன்றின் எடையில் பாதிக்கு மேல் கூடுவது கடைசி இரண்டு மாதத்தில்தான். மடித் திசுக்கள் தேறி, புதிதாகத் தயாராவதும் அந்த 60 நாளில்தான். ஈன்ற பிறகு பால் உச்சத்துக்கு ஏறுவது நாலு முதல் எட்டு வாரத்துக்குள். ஆனால் தீனி எடுக்கும் அளவு உச்சத்துக்கு வர பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகிவிடும். இடைப்பட்ட நாளில் மாடு தன் உடம்பைக் கரைத்துத்தான் பால் தருகிறது. கரைக்க ஒன்றும் இல்லாத மாடு என்ன செய்யும்? உச்சத்தில் ஒரு லிட்டர் குறைந்தால் அந்த ஈத்து முழுக்கச் சேர்த்து 200 லிட்டர் போலக் குறையும்.

அதற்காகக் கொழுக்க வைக்கவும் கூடாது. கொழுத்த மாடு ஈன்றதும் தீனியை வெறுக்கும். உடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைவதால் கீட்டோசிஸ் என்ற நோய் வரும், மூச்சில் ஒரு இனிப்பு வாடை அடிக்கும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கையை லேசாக அழுத்தினால் தட்டுப்படும் அளவுக்கு இருந்தால் போதும். கடைசி மூன்று வாரத்தில் அடர்தீவனத்தை அரை கிலோவில் தொடங்கி, மெதுவாக 2 கிலோவுக்கு மேல் கொண்டுவாருங்கள். ஈன்ற பிறகு வரப்போகும் தீவனத்துக்கு வயிற்று நுண்ணுயிர்கள் பழக வேண்டும். அந்த மூன்று வாரமும் கால்சியம் டானிக், நிறைய பயறு வகைத் தீவனம் இரண்டும் வேண்டாம். சினைக்கு நல்லது என்று அன்போடு கொடுக்கும் கால்சியம்தான் ஈன்றதும், ரத்தத்தில் கால்சியம் குறைந்து வரும் பால் காய்ச்சலில் மாட்டைப் படுக்க வைக்கிறது. எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடம்பு மறந்துபோய்விடுவதே காரணம்.

கேள்வி: பசுந்தீவனம் இல்லை, வைக்கோல் மட்டும்தான் இருக்கிறது. யூரியா கலக்கலாம் என்கிறார்களே?

பதில்: பதப்படுத்திக் கொடுக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதை 50 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வையுங்கள். பிரித்ததும் வாடை கண்ணை எரிக்கும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். யூரியாவைத் தண்ணீரிலோ தவிட்டிலோ நேராகக் கலந்து கொடுத்தால் மாடு செத்துப்போகும். யூரியா மூட்டையை மாட்டுக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: தாது உப்புக் கலவை ஒரு வாரம் கொடுத்தேன், பலன் தெரியவில்லை.

பதில்: ஒரு வாரத்தில் தெரியாது. நாளுக்கு 50 கிராம் வீதம், தனியாகச் சாப்பாட்டு உப்பு 30 கிராம் சேர்த்து, மாதக்கணக்கில் விடாமல் கொடுங்கள். பாலைவிடப் பருவத்துக்கு வருவதிலும் சினை பிடிப்பதிலும்தான் பலன் முதலில் தெரியும்.

கேள்வி: மழை இல்லாமல் சோளப் பயிர் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கிறது. காய்ந்து போவதற்குள் மாட்டை விட்டு மேய்த்துவிடலாமா?

பதில்: விடாதீர்கள். இளம் சோளத்தில், அதுவும் வாடிய பயிரில், சயனைடு நச்சு உண்டு. நிமிடக் கணக்கில் மாடு விழுந்துவிடும். பூ எடுத்த பிறகு அறுத்துப் போடுங்கள். தவறி மேய்ந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், நச்சு முறிக்கும் ஊசி இருக்கிறது.

கேள்வி: கடலைப் பிண்ணாக்கில் லேசாகப் பூஞ்சை. வெயிலில் காயவைத்துப் போடலாமா?

பதில்: கூடாது. வெயிலில் பூஞ்சை உதிரலாம், அது கக்கிய அஃப்ளாடாக்சின் நச்சு பிண்ணாக்கிலேயே இருக்கும். மாட்டின் ஈரலைக் கெடுத்துவிட்டு, பாலிலும் இறங்கும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலைக் குழந்தைகள் குடிப்பார்கள். மூட்டையோடு அப்புறப்படுத்திவிடுங்கள். அடுத்த மூட்டையைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்தும் தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள்.