மெஷின் ஓடுகிறது, மூக்குக்கு ஆக்சிஜன் வருகிறதா?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. சிஓபிடி எனும் நுரையீரல் நோய்க்காக மூன்று மாதமாக வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) வைத்திருக்கிறோம். டாக்டர் சொன்ன அளவு நிமிடத்துக்கு 2 லிட்டர். டியூபுக்குள் தண்ணீர் தேங்கி மூக்கில் சொட்டுகிறது. காதுக்குப் பின்னால் புண்ணாகிவிட்டது. டியூபை எப்படிக் கழுவுவது, எப்போது மாற்றுவது? பாத்ரூம் வரை போக நீளமான டியூப் போடலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு வீட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 84 சதவீதம் காட்டுகிறது. மெஷினில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் சின்னக் குண்டு சரியாக 2-ல் நிற்கிறது. போதவில்லை என்று நினைத்து 4-க்கு ஏற்றியும் பார்த்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால், ஆக்சிஜனை ஈரமாக்க மெஷினோடு மாட்டும் தண்ணீர் பாட்டிலின் மூடி மரை ஏறாமல் சாய்வாக உட்கார்ந்திருந்தது. ஆக்சிஜன் முழுக்க அந்த இடுக்கு வழியாகவே போய்க்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றி ஒழுங்காகத் திருகி, அளவைப் பழையபடி 2-க்கு இறக்கினோம். கொஞ்ச நேரத்தில் 91-க்கு வந்துவிட்டார்.

குண்டு காட்டுவது மெஷினை விட்டு வெளியேறும் அளவை மட்டும்தான். வழியில் கசிந்தால் அதற்குத் தெரியாது. அதனால் தினமும் காலையில் ஒரு டம்ளர் சுத்தமான தண்ணீரில் மூக்கு முனைகள் இரண்டையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் குமிழி வர வேண்டும். துடைத்துவிட்டு மாட்டலாம். குமிழி வரவில்லையா? பாட்டிலுக்குப் பக்கத்தில் டியூபை மடக்கி இறுக்கிப் பிடியுங்கள். சில விநாடிகளில் பாட்டிலிலிருந்து விசில் மாதிரி சத்தம் வந்தால் பாட்டில் வரை சரி, கோளாறு அதற்கு அப்புறம்: டியூப் மடங்கியிருக்கும், கட்டில் காலுக்கடியில் சிக்கியிருக்கும், அல்லது இணைப்பு கழன்றிருக்கும். சத்தமே இல்லை என்றால் பெரும்பாலும் மூடியில்தான் கசிவு.

இப்போது தண்ணீருக்கு வருவோம். பாட்டிலைக் கடந்து வரும் காற்று ஈரத்தை ஏற்றிக்கொண்டு வருகிறது. ஏசி காற்றோ ஃபேன் காற்றோ படும் இடத்தில், ஜில்லென்ற தரைமேல் டியூப் கிடந்தால் உள்ளே அந்த ஈரம் குளிர்ந்து துளியாகிறது. டியூபைத் தரையை விட்டுக் கொஞ்சம் தூக்கி, சுவரோரமாகக் கொண்டு போங்கள். பாட்டிலில் மேல் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் நல்லது, கிடைக்காத நாளில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். பழைய தண்ணீர்மேலேயே ஊற்றி நிரப்பாமல், தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். நிமிடத்துக்கு 2 லிட்டர் போன்ற குறைந்த அளவில் பலருக்கு இந்தப் பாட்டிலே தேவைப்படுவதில்லை. மூக்கு வறளவில்லை என்றால், அடுத்த முறை டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுத்துவிடலாம்.

தேங்கிய தண்ணீரை வாயால் ஊதி வெளியேற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், நம் வாயில் இருக்கும் கிருமி நேராக அப்பாவின் நுரையீரலுக்குப் போகும். வீட்டில் எப்போதும் இரண்டு செட் டியூப் வையுங்கள். ஈரமானதைக் கழற்றிவிட்டுக் காய்ந்ததை மாட்டுங்கள். ஈரமானதை உதறி, நிழலில் கொடியில் நீளமாகத் தொங்கவிடுங்கள்.

நீள டியூபின் உள்பக்கத்தைக் கழுவ வேண்டாம். அதை முழுதாக உலர்த்துவது கஷ்டம், ஈரம் நின்றால் பூஞ்சை வரும். மூக்கு முனைகளை மட்டும் தினமும் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு மாட்டுங்கள். மூக்கில் மாட்டும் கேனுலாவை 2 வாரத்துக்கு ஒருமுறை, நீள டியூபை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா அமாவாசைக்கு ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று என்று மாற்றிவிடுவார், மறந்ததே இல்லை. சளி, காய்ச்சல் வந்து போனாலோ, டியூப் விறைத்து மஞ்சளானாலோ நாள் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

காதுப் புண்ணுக்கு, டியூப் உரசும் இடத்தில் மெல்லிய காஸ் துணியையோ பஞ்சு உறையையோ சுற்றுங்கள். தாடைக்குக் கீழே இருக்கும் வளையத்தை மேலே இழுத்து இறுக்குவதுதான் பெரும்பாலும் புண்ணுக்குக் காரணம். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். அப்போது நழுவினால் கன்னத்தில் பேப்பர் டேப் ஒட்டிக்கொள்ளலாம். புண்ணில் சீழோ நாற்றமோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தேங்காய் எண்ணெய், வாசலின், தைலம் எதையும் காதிலும் மூக்கிலும் தடவாதீர்கள். ஆக்சிஜன் சேர்ந்தால் எண்ணெய்ப் பசை சட்டென்று தீப்பிடிக்கும். மெடிக்கலில் தண்ணீர் கலந்து செய்த ஜெல் என்று கேட்டு வாங்குங்கள்.

பாத்ரூம் வரை டியூப் போடலாம். பொதுவாக 50 அடிக்கு மேல் போகக் கூடாது. உங்கள் மெஷினின் கையேட்டில் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. இரண்டு மூன்று துண்டுகளை இணைக்காமல் ஒரே நீளமாக வாங்குங்கள், ஒவ்வொரு இணைப்பும் ஒரு கசிவுக்கான இடம். கேனுலாவோடு சேரும் இடத்தில் சுழலும் கனெக்டர் போட்டால் முறுக்கிக்கொள்ளாது. மாட்டியதும் டம்ளர் சோதனையைச் செய்துவிடுங்கள். கதவு டியூபை நசுக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, இரவில் தூக்கக் கலக்கத்தில் அப்பா டியூப் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்பதுதான். மீதி டியூபைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி நடக்கப் பழக்குங்கள். வழியில் ஒரு நைட் லாம்ப் எரியட்டும்.

நெருப்பு விஷயத்தில் துளியும் சலுகை கிடையாது. பூஜை விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, கொசுவத்தி, கேஸ் அடுப்பு எல்லாம் குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும். பீடி, சிகரெட் வீட்டுக்குள்ளேயே கூடாது. டியூபைக் கழற்றிப் படுக்கையில் போடும்போது மெஷினை நிறுத்திவிடுங்கள். ஓடவிட்டால் போர்வையிலும் மெத்தையிலும் ஆக்சிஜன் ஏறி நிற்கும், ஒரு பொறி போதும்.

டியூபெல்லாம் சரியாக இருந்தும் ஆக்சிமீட்டர் டாக்டர் சொன்ன அளவுக்குக் கீழேயே நின்றால், நீங்களாக 2-ஐ 3 ஆக்காதீர்கள். இந்த நோயில் ஆக்சிஜன் அதிகமானால் கரியமில வாயு உடம்பில் தேங்கலாம். காலையில் தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், குழப்பமான பேச்சு இவை அதன் அறிகுறிகள். அப்படித் தெரிந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.