நோட்டின் நடுவே ஒரு கோடு

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள். மகனுக்கு 4 வயது, மகளுக்கு 14 மாதம். மகன் 10 மாதத்தில் தனியாக நடந்துவிட்டான். 14 மாதத்தில் பத்து வார்த்தைக்கு மேல் பேசினான். மகள் இன்னும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். பேச்சும் மூன்றே வார்த்தை. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இருவர் வளர்ச்சியையும் எழுதிவருகிறேன் (சில பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்). எல்லாவற்றிலும் சின்னவள் மந்தம். பெண் குழந்தைகள் சீக்கிரம் நடக்கும், பேசும் என்று வேறு சொல்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் வாக்கரில் உட்காரவைக்கிறேன். கணவர் 'விடு, தானா வரும்' என்கிறார். இவளை அண்ணன் அளவுக்குக் கொண்டுவர என்ன பயிற்சி கொடுக்கலாம்? (பெரியவன் நிறைமாதத்தில் பிறந்தான். இவள் 7 வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டாள்.)

— ஒரு வாசகி

பதில்: அடைப்புக்குறிக்குள் கடைசியாக ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, கடிதத்தையே அதில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

7 வாரம் முந்திப் பிறந்த குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது, பிறந்த தேதியிலிருந்து வயதை எண்ணுவதில்லை. பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவார்கள். திருத்திய வயது என்று இதற்குப் பெயர். பொதுவாக 2 வயது வரை மருத்துவர்கள் இந்தக் கணக்கைத்தான் வைத்துக்கொள்வார்கள். உங்கள் 14 மாதத்தில் 7 வாரத்தைக் கழித்தால் 12 மாதமும் சில நாள்களும் மிஞ்சும். அதாவது, இப்போதுதான் ஒரு வயது முடிந்த பெண்ணை 14 மாதப் பையனோடு ஓடவிட்டு, தோற்றுவிட்டாள் என்று எழுதிவைத்திருக்கிறீர்கள்.

சரி, அவள் நிறைமாதக் குழந்தை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் கணக்கு நிற்காது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 800க்கும் மேற்பட்ட குழந்தைகளை 4 மாத வயதிலிருந்து தொடர்ந்து கவனித்து, 2006இல் அட்டவணை வெளியிட்டது. எல்லாம் நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைகள். அவர்கள் தனியாக நடக்கத் தொடங்கிய வயது 8 மாதத்தைச் சற்றுத் தாண்டியதிலிருந்து 17 மாதத்தையும் தாண்டியது வரை பரவிக் கிடந்தது. சராசரி 12 மாதம். முதலில் நடந்ததற்கும் கடைசியில் நடந்ததற்கும் நடுவே 9 மாதம். ஒரு கர்ப்ப காலம்! நூற்றுக்கு 4 குழந்தைகள் கையையும் முட்டியையும் ஊன்றித் தவழவே இல்லை, நேராக நடைக்குப் போய்விட்டன. உங்கள் மகன் இந்த எல்லைக்குள் முன்பக்கமாக இருந்திருக்கிறான், அவ்வளவுதான். முன்பக்கம் இருந்ததால் அவனே அளவுகோல் ஆகிவிட மாட்டான்.

பெண் குழந்தைகள் சீக்கிரம் நடக்கும் என்று சொன்னவர்களிடம், அந்த அட்டவணையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கட்டம் கிடையாது என்று சொல்லுங்கள். தனியாகப் போடும் அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பேச்சில் பெண் குழந்தைகள் சராசரியாகக் கொஞ்சம் முந்துவது உண்மை. ஆனால் குழந்தைக்குக் குழந்தை உள்ள வித்தியாசத்துக்கு முன்னால் அந்தக் 'கொஞ்சம்' காணாமல் போய்விடும். பிள்ளைகளை ஆண், பெண் என்று பிரித்துப் பொதுவிதி சொல்லும் ஆசை பெரிய ஆள்களையும் விடவில்லை. சார்லஸ் டார்வின் தன் மூத்த மகனின் குழந்தைப் பருவக் குறிப்புகளை 1877இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். கோபம் வந்தால் பையன் புத்தகத்தையும் குச்சியையும் விட்டெறிவான், மற்ற மகன்களில் சிலரும் அப்படித்தான், மகள்களிடம் இதைக் காணவில்லை. ஆகவே எறியும் குணம் ஆண் பிள்ளைகளுக்குப் பரம்பரையாக வருவது என்று நினைக்கத் தோன்றுகிறது என எழுதிவிட்டார். ஊர் உலகத்து உயிர்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்தவர், சொந்த வீட்டுக் கூடத்தில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். இடதுபக்கம் மகன். 'குப்புற விழுந்தது', 'உட்கார்ந்தது', 'நடந்தது' என்று வரிசையாக, ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். இதெல்லாம் அந்தந்த நாளில் எழுதியதில்லை, ஒரே உட்காரலில் ஞாபகத்திலிருந்து எழுதியது என்று அடித்துச் சொல்வேன். தப்பில்லை. ஆனால் ஞாபகம் பெற்றவர்களுக்கு மிகவும் அனுசரணையானது. என் அம்மாவைக் கேட்டால் நான் 9 மாதத்தில் நடந்தேன் என்பார். அக்காவைப் பற்றிக் கேட்டாலும் 9 மாதம்தான். எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் முதல் பிறந்தநாள் படம் ஒன்று இருக்கிறது. அதில் மேஜைக் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அம்மாவிடம் அதை இதுவரை காட்டவில்லை.

வலதுபக்கம் மகள். அங்கே பேனா மாறுகிறது, தேதி இருக்கிறது, பாதி வாக்கியங்கள் இருக்கின்றன. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள்: 'நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். ஒரு கையை விட்டுவிட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் முட்டியை மடக்கி மெதுவாக உட்கார்ந்து பந்தை எடுத்தாள்.' இதற்கு நேராகப் பேனாவில், 'இன்னும் நடக்கவில்லை.' நீங்கள் எழுதியதில் உருப்படியான கவனிப்பு அந்தப் பென்சில் வரிதான். ஒரு கையை விட்டு நிற்பது, தொப்பென்று விழாமல் முட்டியை மடக்கி இறங்குவது, அப்போதும் பந்தின் மேல் கண் வைத்திருப்பது: நடைக்கு வேண்டிய சரக்கு முக்கால்வாசி அதில் இருக்கிறது.

மூன்றே வார்த்தை என்கிறீர்கள். அதே நோட்டில், அவள் 'ம்' என்று கை நீட்டினால் அண்ணன் ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்காமலே கிடைக்கிறது, அவள் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? அவன் கொடுப்பதைத் தடுக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிஷம் காத்திருக்கச் சொல்லுங்கள், போதும். இரண்டாவது குழந்தையோடு தனியாக உட்கார்ந்து பேசப் பெரியவர்களுக்கு நேரம் குறைவு, அதுவும் உண்மை. ஆனால் அது வேறொன்றைக் கேட்டுக்கொண்டே வளர்கிறது: இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதை. 'நான்' என்பதும் 'நீ' என்பதும் பேசுகிற ஆளைப் பொறுத்து மாறும் என்ற சூட்சுமத்தை இரண்டாவது குழந்தைகள் சற்று முந்தியே பிடித்துவிடுவதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. 'என்னுது' என்பதற்கு ஆய்வே தேவையில்லை.

பயிற்சி கேட்டீர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல் ஒரே அச்சான இரட்டைப் பெண் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை 1929இல் வெளியானது. ஒருத்திக்கு 46ஆவது வாரத்திலிருந்து 6 வாரம் தினமும் படியேறப் பயிற்சி. மற்றவளுக்கு ஒன்றும் இல்லை. 53ஆவது வாரத்தில் அந்த மற்றவளைப் படியருகே விட்டால், யாரும் சொல்லித்தராமலே ஏறினாள். அப்புறம் 2 வாரம் பழக்கியதும் சகோதரிக்கு ஈடாகிவிட்டாள். பழக்கத்துக்கு மதிப்பே இல்லை என்று இதைப் படித்துக்கொள்ளாதீர்கள். தரையில் விட்டுப் புரளவும் எழவும் இடம் கொடுப்பது வேண்டும். உடம்பு தயாராகும் முன் இழுத்துப் பிடித்து நிற்கவைப்பதில் லாபம் சொற்பம்.

வாக்கரை இன்றைக்கே தூக்கி மேலே போடுங்கள். இதில் மட்டும் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. அதில் உட்கார்ந்த குழந்தை நடப்பது போலத் தெரியும், ஆனால் நடப்பதில்லை. கால்விரல் நுனியால் உந்துகிறது, தன் எடையைத் தானே தாங்கி நிலைநிறுத்தும் வேலை அதற்கு இல்லை. உருண்டோடிப் படியில் விழுந்து தலையில் அடிபடுவது தனிக் கதை. கனடா 2004லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும் நடைவண்டி வேறு, அதில் குழந்தை சொந்தக் காலில் நிற்கிறது.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. 'தானா வரும்' என்பது பெரும்பாலும் சரி, எப்போதும் சரி அல்ல. முந்திப் பிறந்த குழந்தைக்கு மருத்துவர் சொன்ன பரிசோதனைகளை ஒன்றுகூட விடக் கூடாது. திருத்திய வயதில் 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்காவிட்டால் காட்டுங்கள். ஒரு கையையோ காலையோ மட்டும் பயன்படுத்தி மறுபக்கத்தை இழுத்துக்கொண்டே இருந்தால், கூப்பிட்ட குரலுக்கும் சத்தத்துக்கும் திரும்பாவிட்டால், ஒரு பொருளைக் காட்டி விரல் நீட்டுவதே வராவிட்டால், 18 மாதம் வரை காத்திருக்க வேண்டாம். நேற்று வரை செய்ததை இன்று மறந்துவிட்டது போலிருந்தால், எந்த வயதானாலும் உடனே. இந்தப் பட்டியலில் எங்கேயும் அண்ணன் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் வீட்டில் அண்ணனை வைத்துப் பயப்படுகிறீர்கள். வேறு வீடுகளில் இது தலைகீழாக நடக்கும்: 'மூத்தவனும் இப்படித்தான் லேட்டாகப் பேசினான்' என்று ஆறுதல்பட்டு, காது கேட்கிறதா என்றுகூடப் பார்க்காமல் ஒரு வருஷத்தைத் தொலைத்துவிடுவார்கள்.

'மந்தம்' என்ற சொல் நோட்டில் ஐந்து இடத்தில் இருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, சரி. 4 வயதுக்காரனுக்கு காது கேட்கும். கடைசிப் பக்கத்தில் அவன் வருகிறவர்களிடம் 'நான்தான் ஃபர்ஸ்ட் நடந்தேன், பாப்பாவுக்குத் தெரியாது' என்று சொல்வதை வேடிக்கையாகக் குறித்திருக்கிறீர்கள். அந்த வாக்கியம் அவன் யோசித்து அமைத்ததில்லை. வீட்டில் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறான். நாற்காலியிலிருந்து இரண்டடி தள்ளிப் பந்தோடு அவனை உட்காரச் சொல்லுங்கள். அவளுக்கு அவனைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

வலதுபக்கத்தைத் தொடர்ந்து எழுதுங்கள், பென்சிலிலேயே. சென்ற மாதம் இவள் என்ன செய்தாள், இந்த மாதம் என்ன புதிதாகச் சேர்ந்திருக்கிறது, அது போதும். மூன்று மாதம் கழித்து எனக்கும் சில பக்கங்கள் அனுப்புங்கள், இடதுபக்கத்தை மடித்துவிட்டு.

— ஆசிரியர்