நகையைத் திருப்பிப் பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கே: மகளுக்குத் தை மாதம் அரங்கேற்றம். ஒரு கடையில் வடசேரி டெம்பிள் செட் காட்டினார்கள். வேறொரு கடையில் அதே மாதிரி செட் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. எப்படித் தரம் பிரிப்பது?
– வாசகி, மதுரை

ப: பத்தடி தள்ளி நின்றால் யாருக்கும் ஒன்றாகத்தான் தெரியும். விலை குறைந்ததைப் போலி என்று திட்ட வேண்டியதில்லை. அது வேறு சரக்கு, அவ்வளவுதான்.

நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைக்கு அடித்தளம் வெள்ளி. புவிசார் குறியீடு பெற்ற வேலை இது. வெள்ளித் தகட்டில் உருவத்தை வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் வெள்ளியிலேயே சின்னச் சுவர் எழுப்பிப் பற்றவைப்பார்கள். அந்தக் குழிக்குள் அரக்கை நிரப்பி, கரி நெருப்பின் சூட்டில் இளக்கி, கெம்புக் கல்லைப் பதிப்பார்கள். பிறகு மெல்லிய தங்கத் தாளைக் கல்லின் ஓரத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வைத்து, எஃகுக் கருவியால் அழுத்தித் தேய்ப்பார்கள். சுத்தத் தங்கம் மிக மென்மையானது. அதனால் அந்த அழுத்தத்திலேயே மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லைக் கவ்விக்கொள்ளும். பசைக்கு இங்கே வேலையே இல்லை.

விலை குறைந்த செட் பித்தளையிலோ செம்பிலோ அச்சில் வார்த்தது. மேலே தங்க முலாம் பூசி, கல்லைப் பசையால் ஒட்டியிருப்பார்கள்.

இரண்டையும் கையில் வாங்கியதும் பின்பக்கம் திருப்புங்கள். கைவேலையில் தகட்டின் ஓரத்தில் அரம் ஓடிய தடமும், பற்றவைத்த இடங்களும் தெரியும். வார்ப்பில் பின்புறம் ஒரே சீராக, சிறு சிறு துளைப் புள்ளிகளோடு இருக்கும். முன்பக்கத்துக்குப் பூதக்கண்ணாடி வேண்டும். கல்லின் விளிம்பில் தங்கம் கொஞ்சம் ஏறி இறங்கி, ஒரு கல்லுக்கு ஒரு விதமாக இருந்தால் நல்லது. எல்லாக் கல்லும் ஒரே அளவில் நின்று, ஓரத்தில் கண்ணாடி போல ஒரு கோடு மின்னினால் அது பசை. உள்ளே அரக்கு இருப்பதால் எடையைத் தூக்கிப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ரசீதில் 'வெள்ளி, தங்கத் தாள்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் அந்த விலை கொடுக்க வேண்டாம்.

முழு செட்டும் வாங்கக் கட்டுப்படியாகாவிட்டால், நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை ஆகிய தலை நகைகளை மட்டும் கைவேலையில் எடுங்கள். சபையின் கண் முதலில் போவது முகத்துக்குத்தான். ஒட்டியாணம் விலை குறைந்ததாகவே இருக்கட்டும். அரைமண்டியில் (முழங்காலை மடக்கி ஆடும் நிலையில்) இடுப்பு அசைய அசைய அதிகம் அடிபடுவது அதுதான். ஒரே தகடாக வாங்காமல், துண்டுகளாகக் கோத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

கே: வடசேரி கைவேலை செட் வாங்கினேன். இரண்டே ஆண்டில் கறுத்துவிட்டது. பூந்திக்கொட்டை ஊறவைத்த வெந்நீரில் போட்டுத் தேய்த்தேன். நான்கு கற்கள் விழுந்துவிட்டன. வேலை சரியில்லையா?
– வாசகி, சேலம்

ப: வேலையில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. குறை வெந்நீரில்! அரக்கு சூட்டில் இளகும். வெந்நீர், முடி உலர்த்தும் கருவி, வெயிலில் நிறுத்திய கார் எல்லாமே அதற்கு எதிரி. பூந்திக்கொட்டை நல்ல பொருள்தான், ஆனால் கல் இல்லாத கட்டித் தங்கத்துக்கு. நகைக்கடையில் இருக்கும் அதிர்வுச் சலவை எந்திரத்திலும் அரக்கு நகையைப் போட விடாதீர்கள்.

கறுத்தது வெள்ளி. வியர்வையிலும் காற்றிலும் உள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். தங்கத் தாள் எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் கறுப்பு முதலில் தலைகாட்டும். அதைப் பற்பசையாலோ புளியாலோ தேய்த்தால் மிச்சமிருக்கும் தாளும் போய்விடும். உலர்ந்த பழைய மல் துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டியது மறு தாள் வேலை. அதைப் பட்டறையில்தான் செய்ய முடியும். விழுந்த கற்களைப் பத்திரமாக எடுத்துப் போங்கள். அந்தக் குழிக்கென்று பொறுக்கிய கல் அது, வேறு கல் அப்படியே உட்காராது.

ஒப்பனையும் வாசனைத் தெளிப்பும் முடிந்த பிறகே நகையைப் போட வேண்டும். ஆடி முடித்ததும் முதலில் அதைக் கழற்ற வேண்டும். துடைத்து அரை மணி நேரம் நிழலில் காற்றாட விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் மூடியதே வினை.

கே: 24 கிராம் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் என்கிறார்கள். அவ்வளவு தங்கம் உண்மையிலேயே வீணாகிறதா? பேரம் பேசலாமா?
– வாசகர், ஈரோடு

ப: 24 கிராமில் 12 சதவீதம் 2.88 கிராம். அவ்வளவு தங்கம் தரையில் சிந்தினால் எந்தப் பட்டறையும் மறுநாள் திறக்காது.

உருக்கும்போதும், கம்பி இழுக்கும்போதும், அராவும்போதும், மெருகு போடும்போதும் தங்கம் குறைவது உண்மை. ஆனால் அரப்பொடியைத் தட்டில் பிடித்து மறுபடி உருக்கிவிடுவார்கள். கூட்டிய குப்பையையும் விடுவதில்லை. அந்த மண்ணைச் சலித்துத் தங்கம் எடுப்பதே தனித் தொழில். கடை சொல்லும் சேதாரம் என்பது பட்டறை இழப்பு, ஆசாரியின் கூலி, கடையின் லாபம் எல்லாம் ஒன்றாகக் கலந்த ஒரு கணக்கு. சில கடைகள் அதற்கு மேல் செய்கூலி என்று தனியாகவும் போடுகின்றன.

பேரம் பேசலாம். ஆனால் எதைப் பேசுகிறோம் என்று தெரிந்து பேசுங்கள். எந்திரச் சங்கிலிக்கு 12 கேட்டால் தாராளமாகக் குறைக்கச் சொல்லலாம். கைவேலைச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் கம்பியை வெட்டி, வளைத்து, வெண்காரம் தடவி, பொடி (பற்றவைக்கும் உலோகத் தூள்) வைத்து ஊதிச் சேர்த்தது. ('பொடி வைத்துப் பேசுகிறான்' என்பது இந்தப் பட்டறையிலிருந்து வந்த பேச்சு என்பார்கள்.) அங்கே குறைக்கும் ஒவ்வொரு சதவீதமும் பெரும்பாலும் கடையின் பங்கில் குறைவதில்லை, கூலியில்தான் குறையும். இரண்டு வகைக்கும் ஒரே சதவீதம் சொல்லும் கடையில் எந்திரச் சங்கிலி வாங்குவதுதான் நஷ்டம்.

வாங்கும்போது உள்ளே குழலா கட்டியா என்று கேளுங்கள். குழல் சங்கிலி பார்வைக்குப் பெரிதாக இருக்கும். ஆனால் நசுங்கினால் நிமிர்த்த முடியாது, பற்றவைக்கப் போனால் ஓட்டை விழும். கட்டிச் சங்கிலியில் முதலில் தேய்வது கொக்கி மாட்டும் வளையம். ஆண்டுக்கு ஒரு முறை அதை மட்டும் பார்த்து மாற்றினால், சங்கிலி அடுத்த தலைமுறைக்கும் வரும்.

கே: கேடிஎம் நகை என்றால் உயர்ந்ததா?
– வாசகி, திண்டுக்கல்

ப: இல்லை. காட்மியம் கலந்த பற்றுப்பொடி வைத்துச் செய்தது என்பதே அதன் பொருள். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் பற்றவைத்த பிறகும் நகையின் மாற்று, அதாவது தங்கத்தின் தரம், அதிகம் குறையாது. கடைகளுக்கு அது பிடித்துப்போனது அதனால்தான். அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர் ஊதுகுழலோடு உட்கார்ந்திருந்த ஆசாரி. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு அது. நீங்கள் பார்க்க வேண்டியது ஹால்மார்க்: பிஐஎஸ் (இந்தியத் தர அமைப்பு) முத்திரை, 22கே916 (22 காரட், அதாவது 91.6 சதவீதம் தங்கம்), ஆறு எழுத்து–எண் கொண்ட எச்யூஐடி என்ற தனி அடையாள எண். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

கே: பாட்டியின் அட்டிகை இருக்கிறது. சிவப்புக் கல் பதித்தது, சில கற்கள் மங்கிவிட்டன. ஆட்டினால் உள்ளே சத்தம் வருகிறது. அழித்துப் புதிதாகச் செய்யலாமா?
– வாசகி, காரைக்குடி

ப: தயவுசெய்து வேண்டாம். அழித்தால் உங்களுக்குக் கிடைப்பது தங்கத்தின் விலை மட்டும். அரக்கையும் கல்லையும் எடையிலிருந்து கழித்துவிடுவார்கள். கல் பதித்த கட்டு வேலைக்கு ஒரு ரூபாய்கூட வராது. பிறகு புதிய நகைக்கு மறுபடி சேதாரம் கொடுப்பீர்கள்.

சத்தம் வருவது அரக்கு காய்ந்து, பொடிந்து, உள்ளே உருள்வதால். கல் மங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் கல் அல்ல. பின்புறம் மூடிய கட்டு வேலையில் கல்லுக்கு அடியில் பளபளப்பான மெல்லிய தாள் வைப்பது வழக்கம். விளிம்பு வழியே தண்ணீர் புகுந்தால் அந்தத் தாள் கறுத்துவிடும். மேலே எவ்வளவு துடைத்தாலும் போகாது. கட்டு வேலை தெரிந்த பத்தரிடம் கொடுத்தால் கல்லை எடுத்து, தாள் மாற்றி, புது அரக்கு நிரப்பிக் கட்டித் தருவார். எல்லாப் பட்டறையிலும் இது தெரியாது. 'கட்டு வேலை செய்வீர்களா' என்று கேட்டுக்கொண்டே கொடுங்கள். கொடுக்கும் முன் கற்களை எண்ணி, முன்னும் பின்னும் படம் எடுத்து, மொத்த எடையைச் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். திரும்பி வரும்போது எடை மாறியிருக்கும். புது அரக்கின் எடை வேறு. அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

கே: தங்கக் காசுகளைக் கொடுத்துப் பட்டறையில் 40 கிராம் மாங்காய் மாலை செய்யச் சொல்லப் போகிறோம். எவ்வளவு கொடுக்க வேண்டும்? மாற்றை எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகர், கும்பகோணம்

ப: 40 கிராம் 916 நகையில் இருக்க வேண்டிய சுத்தத் தங்கம் 36.64 கிராம். மீதி செம்பும் வெள்ளியும். செம்பு கூடினால் சிவந்த நிறம், வெள்ளி கூடினால் வெளிறிய மஞ்சள். எந்த நிறம் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாலையில் பதிக்கும் கல்லின் எடையையும் அரக்கின் எடையையும் தனியாக எழுதச் சொல்லுங்கள், 40 கிராம் என்பது எதைச் சேர்த்து என்ற தகராறு பிறகு வராது. பழைய நகையும் சேர்த்து உருக்குவதாக இருந்தால், ஈயப் பற்று உள்ள துண்டுகளைத் தனியே எடுத்துவிட வேண்டும். துளி ஈயம் கலந்தாலும் தங்கம் நொறுங்கும், தகடு அடிக்கும்போதே வெடிப்பு விடும்.

சிறு பட்டறைகள் ஹால்மார்க் பதிவு இல்லாமல் இருக்கலாம். அதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் பொதுமக்களே நகையைச் சோதிக்கலாம். நான்கு உருப்படிகள் வரை 200 ரூபாய் கட்டணம், வரி தனி. ஆசாரியிடம் இதை முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நல்ல ஆசாரி கோபப்பட மாட்டார்.

கே: ஏழுகல் மூக்குத்தியின் திருகு அடிக்கடி கழல்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

ப: 22 காரட் மரை மென்மையானது, திருகத் திருகத் தேய்ந்துவிடும். தண்டையும் திருகையும் மட்டும் 18 காரட்டில் மாற்றித் தரச் சொல்லுங்கள். அதுவரை மாதம் ஒரு முறை கழற்றி, மரையில் சேர்ந்த சோப்பு அழுக்கை மென்மையான பிரஷ்ஷால் எடுத்துவிட்டுத் திருகுங்கள். கழற்றும் முன் வாஷ்பேசின் துளையை மூடிக்கொள்ளுங்கள்.