சாக வேண்டிய செல் ஏன் சாகவில்லை? பெருங்குடல் புற்றுநோய் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: புரதத்தை உருவாக்காத ஆர்.என்.ஏ.வால் புற்றுநோய்ச் செல்லுக்கு என்ன பயன்?

பதில்: சுமார் 22 எழுத்து நீளமே கொண்ட மைக்ரோ ஆர்.என்.ஏ., புரதம் செய்வதற்கான மரபணுக் கட்டளையைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.வுடன் ஒட்டிக்கொண்டு, அது தரவேண்டிய புரதத்தைக் குறைத்துவிடுகிறது. பெருங்குடல் கட்டிகளில் மிகுந்து காணப்படும் மிர்-21 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ., செல்லின் பிழைப்புச் சமிக்ஞைக்குக் கடிவாளமாக இருக்கும் பிடென் என்னும் புரதத்தை ஒடுக்குகிறது. இதற்கு நேர்மாறானது மிர்-34ஏ. டி.என்.ஏ. சேதமடைந்ததும், புற்றுநோயைத் தடுக்கும் காவலனான பி53 புரதம் இதைப் பெருக்க, இது செல்லைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்2 புரதத்தைக் குறைக்கிறது. பல கட்டிகளில் பி53 பழுதடைந்தோ, மிர்-34ஏ மரபணுவே மெத்தில் ஏற்றத்தால் (டி.என்.ஏ.வில் மெத்தில் என்னும் வேதிக் குறி ஒட்டிக்கொள்வதால்) முடங்கியோ போவதால், அழிந்திருக்க வேண்டிய செல் தொடர்ந்து பெருகுகிறது.

கேள்வி: கீமோதெரபி முடிந்த பிறகும் நோய் திரும்புவதில் இவற்றுக்குப் பங்கு உண்டா?

பதில்: உண்டு. இத்துறையில் நான் மிக முக்கியமாகக் கருதும் ஆய்வு, 2017இல் ஷாங்காய் ஆய்வாளர்கள் வெளியிட்டது. வாயில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்னும் பாக்டீரியா, நோய் திரும்பியவர்களின் கட்டித் திசுக்களில் மிகுந்திருந்தது. அது, செல் பாக்டீரியாவை உணர உதவும் டி.எல்.ஆர்.4 ஏற்பியின் வழியாக இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் குறைத்துவிட, அவை அடக்கி வைத்திருந்த தன்னுண்ணல் என்னும் செயல்முறை முடுக்கம் பெறுகிறது. அதாவது, செல் தன் பழுதான பகுதிகளைத் தானே செரித்துக்கொண்டு, ஆக்ஸாலிபிளாட்டின், 5-ஃபுளூரோயுராசில் ஆகிய கீமோதெரபி மருந்துகளின் தாக்குதலைத் தாங்கிவிடுகிறது. நுண்ணுயிர், ஆர்.என்.ஏ., மருந்து எதிர்ப்பு மூன்றையும் ஒரே சங்கிலியாகக் காட்டியதே இதன் சிறப்பு. ஆயினும், இதை நம்பி யாரும் தாமாக ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டாம். இந்த வழிமுறைக்கான சான்று பெரும்பாலும் செல் வளர்ப்பிலும் எலிகளிலும் கிடைத்தது.

கேள்வி: மிர்-34ஏவையே மருந்தாகக் கொடுத்தால் என்ன?

பதில்: கொடுத்துப் பார்த்தார்கள். கொழுப்புக் குமிழிகளில் அடைத்த எம்.ஆர்.எக்ஸ்.34 என்னும் மருந்தின் முதற்கட்டச் சோதனை, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது.

கேள்வி: மலத்தில் ரத்தம் வருகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தப் பரிசோதனை மட்டும் செய்துகொண்டால் போதுமா?

பதில்: போதாது. மிர்-21 வேறு புற்றுநோய்களிலும் அழற்சியிலும்கூட உயர்வதால், அதை மட்டும் வைத்துக் குடலில் கட்டி இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அவர் கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை) செய்யச் சொன்னால் தயங்காதீர்கள்; புற்றாக மாறக்கூடிய பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி இருந்தால், பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடவும் முடியும்.