ஞாயிற்றுக்கிழமை வர முடியாதவர் குளம் காக்கும் குழுவுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: கோவையில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். எங்கள் பகுதிக் குளத்தைப் பராமரிக்கும் தன்னார்வக் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறேன். ஆனால் எனக்கு வியாபாரமே ஞாயிறுதான், களப்பணிக்குப் போக முடிவதில்லை. பணம் அனுப்பினால் போதுமா, வேறு ஏதாவது உருப்படியாகச் செய்ய முடியுமா?

பதில்:

ஞாயிறு காலை ஆள்பலம்தான் இந்தக் குழுக்களிடம் ஓரளவுக்காவது இருக்கிற சரக்கு. கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், கம்பெனிக்காரர்கள் ஒரே நிற டிசர்ட்டில் வருவார்கள், குப்பை பொறுக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு பத்து மணிக்குக் கலைந்துவிடுவார்கள். அதைக் குறை சொல்லவில்லை, அதுவும் வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தாலுகா ஆபீஸுக்குப் போக ஆள் கேட்டால் வாட்ஸ்அப் குழுவே அமைதியாகிவிடும். உங்களைப் போல ஞாயிறு முழுக்க வேலையாக இருந்து, வார நாளில் ஒரு மணி நேரம் கடையை வேறொருவர் பார்த்துக்கொள்ள முடிகிற ஆள் கிடைத்தால் குழுவுக்கு அதிர்ஷ்டம்தான்.

நான் சூலூர்ப் பக்கம். எங்கள் ஊர்க் குளத்துக்காக வேலை செய்யும் குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கோவைக் குளங்களுக்குத் தண்ணீர் தருகிற நொய்யல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். வெள்ளியங்கிரி மலைப் பக்கம் உற்பத்தியாகி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, மழைக் காலத்தில் வெள்ளமாக வந்து போகும். அப்படி வருகிற நாலு நாள் தண்ணீரைப் பிடிக்கத்தான் ஆற்றின் குறுக்கே சித்திரைச்சாவடி மாதிரி அணைக்கட்டுகள், அங்கிருந்து ராஜவாய்க்கால் என்கிற பெரிய வாய்க்கால், அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் வழியாகக் குளங்கள். ஒரு குளம் நிரம்பினால் கலிங்கு, அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகிற இடம், வழியாக அடுத்த குளத்துக்கோ திரும்ப ஆற்றுக்கோ போகும். பழைய காலத்து ஏற்பாடு. இதில் எந்த இடத்தில் அடைத்தாலும் அதற்குக் கீழே இருக்கிற குளம் வெறும் மைதானம்தான்.

ஆனால் எல்லோர் கண்ணுக்கும் படுவது குளம். வேலையும் பணமும் அங்கேயே போகிறது. கரையில் நடைபாதை, விளக்கு, செல்ஃபி எடுக்க எழுத்துகள். நகரத்துக் குளங்களில் இந்த அழகு வேலை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நடக்க வசதிதான், ஆனால் கரையை அழகாக்கிவிட்டு உள்ளே சாக்கடையை விட்டால் அந்தப் பணம் யாருக்குப் பயன்? ஆகாயத்தாமரையும் இதே கதைதான். சாக்கடையில் இருக்கிற நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்று வளர்கிற செடி அது. கழிவுநீர் வருவதை நிறுத்தாமல் மேலே மட்டும் அள்ளினால் சில வாரங்களில் மறுபடி பச்சைக் கம்பளம் விரித்துவிடும். அள்ளுகிற ஒவ்வொரு தடவையும் மெஷின் வாடகை.

நல்ல உதாரணமும் கோவையிலேயே உண்டு. 2016இல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. அடுத்த வருடம் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு பேரூர்ப் பெரியகுளத்தில் ஞாயிறுதோறும் வேலை ஆரம்பித்தது. பிறகு வெள்ளலூர்க் குளத்துக்கு வந்தார்கள். பல ஆண்டுகளாக வறண்டு கிடந்த குளம் அது. அங்கே அவர்கள் செய்த முக்கியமான காரியம் என்று நான் நினைப்பது, தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலைச் சரிசெய்ததைத்தான். வாய்க்கால் திறந்தது, நொய்யல் தண்ணீர் குளத்துக்கு வந்தது. கரையில் அடர்வனம், வண்ணத்துப்பூச்சி கணக்கெடுப்பு எல்லாம் அப்புறம் வந்தவை.

வாய்க்காலைச் சரிசெய்வது மண்வெட்டி வேலை மாதிரித் தெரியும். உண்மையில் பாதிக்கு மேல் காகித வேலை. எங்கள் ஊரில் நடந்ததைச் சொன்னால் புரியும். குளத்துக்கு வரும் வாய்க்கால் கிராம வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. நேரில் போனால் தார் ரோட்டோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் முழுக்க சீமைக்கருவேலம், யாரும் உள்ளே போனதில்லை. குழுவில் ஓய்வு பெற்ற சர்வேயர் ஐயா ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டுகிற புல வரைபட நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முள்ளுக்குள் குனிந்து குனிந்து போய், பாதி மண்ணில் புதைந்திருந்த சர்வே கல்லைத் தேடிப் பிடித்தார். கல்லிலிருந்து டேப் பிடித்து அளந்துகொண்டே வந்து ரோட்டோரத்தில் நின்று, "இங்கதானுங்க இருக்கோணும், தோண்டிப் பாருங்க" என்றார். தோண்டினோம். கான்கிரீட் கட்டி, உடைந்த செங்கல், ஜல்லி. ரோட்டை அகலப்படுத்தியபோது மிஞ்சிய கழிவை எல்லாம் அங்கேயே தள்ளி மூடியிருக்கிறார்கள். அதற்கு அடியில் ரோட்டைக் கடக்கிற குழாய்ப் பாலம், வாய் வரைக்கும் மண். அந்தக் குழாயைத் திறக்க ஜேசிபிக்கு ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது. ஆனால் ரோடு ஒரு துறை, வாய்க்கால் இன்னொரு துறை, நிலம் வருவாய்த்துறை. மூன்று இடத்திலும் எழுத்தில் சம்மதம் வாங்குவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது.

நீங்கள் உள்ளே வர வேண்டிய இடம் இதுதான். உங்கள் குளத்துக்கான கிராம வரைபடம், எந்த நிலம் என்ன வகை என்று சொல்கிற அ-பதிவேடு, வாய்க்கால் போகிற சர்வே எண்களின் புல வரைபடம், இவற்றைச் சேர்த்து ஒரு ஃபைல் போடுங்கள். சிலவற்றை இணையத்திலேயே எடுக்கலாம், மீதிக்கு விஏஓவிடமும் தாலுகா ஆபீஸிலும் அலைய வேண்டும். எந்த எண் வாய்க்கால் புறம்போக்கு, எது பட்டா என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், "அது தனியார் நிலம்" என்று யாராவது சொல்லும்போது வாய் மூடி நிற்க வேண்டியதில்லை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. ஆவணம் கையில் இருந்தால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும்.

மனு கொடுப்பதும் அப்படித்தான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குவது சுலபம். நாற்பது நாள் கழித்து அந்த ரசீதை எடுத்துக்கொண்டு போய் "என்ன ஆச்சுங்க?" என்று கேட்கிற ஆள்தான் கிடைப்பதில்லை. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு பக்கம் எழுதிப் போடலாம். ஒரு மனுவில் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள், சர்வே எண்ணோடு கேளுங்கள். குளத்தைக் காப்பாற்றுங்கள் என்று பொதுவாக எழுதிய மனு மேசை மேசையாகச் சுற்றும்.

ஊராட்சிக்குள் வரும் குளமாக இருந்தால் கிராம சபையை விடாதீர்கள். 2022இலிருந்து வருடத்துக்கு ஆறு நாள், அதில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22ம் ஒன்று. வாய்க்கால் தூர்வாருவதைப் பற்றிய தீர்மானத்தை அன்றைக்குக் கொண்டுபோனால் தட்டிக்கழிப்பது கஷ்டம். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் கிராம சபை கிடையாது. ஏரியா சபை, வார்டு கமிட்டி என்று இருக்கிறது. கூட்டத் தேதியைக் கவுன்சிலரிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

காகிதத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றினால் நொய்யலின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992இல் முடித்தார்கள். அதில் வந்து தேங்கியது திருப்பூர் சாயக் கழிவு. அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலமும் கிணறும் உப்பானது. ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது அந்த ஆற்றுப் பாசனத்தை நம்பியிருந்தவர்கள், சங்கமாகச் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். 2006இல் சென்னை உயர்நீதிமன்றம், 2009இல் உச்ச நீதிமன்றம் என்று வழக்கு போய், தீர்ப்பை மதிக்கவில்லை என்று மறுபடி போய், 2011 ஜனவரியில் நூற்றுக்கணக்கான சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதில் வேலை இழந்தவர்களின் கஷ்டம் தனிக் கதை, அதை லேசாகச் சொல்லிவிட்டுக் கடக்க முடியாது. ஆனால் சாயக் கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட முடியாது என்ற நிலைக்குத் தொழிலைத் தள்ளியது ஒரு விவசாயிகள் சங்கம் வருடக்கணக்கில் விடாமல் வைத்திருந்த ஃபைல்தான்.

சரி, பணம். அனுப்புங்கள், கண்டிப்பாக. ஆனால் எதற்கு என்று சொல்லி அனுப்புங்கள். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்குகிற சிஎஸ்ஆர் பணம் பெயர்ப்பலகைக்கும் மரக்கன்றுக்கும் தாராளமாக வரும். ஜேசிபி டீசலுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் நகல் எடுக்கும் செலவுக்கும் வராது. கன்று நடும் அன்றைக்கு மேடை போட ஸ்பான்சர் உண்டு, அடுத்த இரண்டு கோடைக்கு டேங்கர் தண்ணீர் ஊற்ற ஸ்பான்சர் இல்லை. மொத்தமாகப் பத்தாயிரம் தருவதைவிட மாதம் ஐந்நூறு வருகிறது என்று தெரிந்தால் குழுவால் திட்டம் போட முடியும். வரவு செலவைக் குழுவில் போடுகிறார்களா என்று பாருங்கள். போடாவிட்டால் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். பதிவு செய்த டிரஸ்டா, வருமான வரிச் சலுகைக்கான ரசீது தருவார்களா என்பதும் கேட்கத் தகுந்த கேள்விதான். கடைக்காரர் நீங்கள், கணக்கு எழுதிக்கொடுக்கிறேன் என்று சொன்னால் தலைமேல் வைத்துக் கொண்டாடுவார்கள்.

இன்னொரு வேலை, வண்டல். விவசாயிகள் குளத்து வண்டல் மண்ணைத் தாசில்தார் அனுமதியோடு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், 2024இல் இந்த நடைமுறையை எளிதாக்கினார்கள். விவசாயிக்கு எரு, குளத்துக்கு ஆழம். விண்ணப்பம் போடத் தெரியாத பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுங்கள். கூடவே ஒரு கண்ணும் வைத்திருங்கள். வண்டல் என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டு, அடியில் இருக்கிற கிராவலையும் சேர்த்து இரவில் டிப்பரில் ஏற்றுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பகலில் எடுத்த தேதி போட்ட போட்டோக்கள் குழுவிடம் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

ஆகவே ஒருங்கிணைப்பாளரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, ஞாயிறு என்னால வர முடியாது. வார நாள்ல ஆபீஸ் வேலை எது இருந்தாலும் சொல்லுங்க, ஃபைல் நான் பாத்துக்கறேன்." களத்துக்கு ஒரே ஒரு தடவை மட்டும் போய்விட்டு வாருங்கள், தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், சித்திரை, வைகாசியில் வாய்க்கால் நெடுக நடந்து பார்க்கும் அன்றைக்கு. வெயிலுக்குப் பயந்து விடிந்ததும் ஆரம்பிப்பார்கள், கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். செருப்பு மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். சீமைக்கருவேல முள் ரப்பரைத் துளைத்து ஏறும், தடித்த அடி உள்ள ஷூ வேண்டும்.