மூளை ஸ்கேன் ஆராய்ச்சிகளால் சாதாரண நோயாளிக்கு என்ன பயன்?

"மூளையைப் படம் பிடித்து ஆயிரக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன, அவற்றால் சாதாரண நோயாளிக்கு இதுவரை என்ன கிடைத்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கோ ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தை ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதப் படிவத்தில் கையொப்பம் கேட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். எல்லா ஆய்வுகளுக்கும் வக்காலத்து வாங்க என்னால் இயலாது. ஆனால் ஓர் ஆய்வு என் தங்கையின் வாழ்க்கையை நேரடியாகத் தொட்டது என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

1990-களின் தொடக்கத்தில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் தங்கைக்கு ஒரு நாள் காலை வலது கை தானாகத் துடிக்கத் தொடங்கி, சிறிது நேரத்தில் உடல் முழுவதும் வெட்டி இழுத்தது. பக்கத்து நகரத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். மூளையின் இடப்பக்கத்தில், மேற்பரப்பை ஒட்டி, உளுத்தம்பருப்பு அளவில் ஒரு வெண்ணிற வளையமும் அதைச் சுற்றிக் கருமையான வீக்கமும் இருந்தன. பார்த்த மருத்துவர் அதைக் காசநோய்க் கட்டி என்று முடிவு செய்து, வலிப்புக்கான மாத்திரையோடு காசநோய் மருந்துகளையும் எழுதி, ஒரு வருடத்துக்கும் மேல் சாப்பிட வேண்டும் என்றார். அவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, அதை இரத்தம் என்று நினைத்து அம்மா அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய துன்பம், அந்த மாத்திரைகளைக் கண்ட மாத்திரத்தில் தெரு முழுவதும் பரவிய பேச்சு. வலிப்பு, காசநோய் இரண்டும் ஒரு பெண்ணின் பெயரோடு சேர்ந்தால், எங்கள் ஊரில் வரன் பேசுகிறவர் வாசற்படி ஏற மாட்டார்.

அந்த மருத்துவரைக் குறை சொல்வதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். வலிப்போடு வந்த நோயாளியின் ஸ்கேனில் இப்படிச் சிறிய வளையம் தெரிந்தால் அதைக் காசநோய்க் கட்டி என்று கொள்வதே அக்காலத்தில் இந்தியா முழுவதும் பரவலான வழக்கமாக இருந்தது. நாட்டில் காசநோய் மிகுதி. மருந்து கொடுத்தால் வளையமும் மறைந்தது. எனவே முடிவு சரி என்றே தோன்றியது. மருந்து கொடுக்காவிட்டாலும் அது மறைந்திருக்குமா என்ற கேள்வியை எழுப்பியவர்கள் சிலரே. அவர்களில் முக்கியமானவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்களான மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் அவர்களது குழுவினரும். சி.டி. படத்தின் வழிகாட்டலோடு அந்தச் சிறிய கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் இருந்தது காசநோய் அன்று. நாடாப்புழுவின் இளம் பருவம், அதாவது சிஸ்டிசெர்கஸ். இதை 1989-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

என்னைக் கவர்ந்தது அதற்கடுத்து அவர்கள் செய்ததுதான். ஒவ்வொருவர் மண்டையையும் திறந்து பார்க்க முடியாது அல்லவா? ஆகவே திறக்காமலேயே முடிவு செய்வதற்கான அளவுகோல்களை வகுத்தார்கள். படத்தில் ஒரே ஒரு கட்டி இருக்க வேண்டும். படத்தில் கட்டியை எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியில் செலுத்தியபின் அது ஒளிர வேண்டும். அதன் அளவு 20 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மூளையின் நடுக்கோட்டை ஒரு பக்கமாகத் தள்ளும் அளவுக்கு வீக்கம் இருக்கக் கூடாது. நோயாளியிடம் மண்டைக்குள் அழுத்தம் தொடர்ந்து கூடியிருப்பதற்கான அறிகுறியோ, நாளுக்கு நாள் மோசமாகும் கைகால் பலவீனமோ, உடலில் வேறு நோயோ காணப்படக் கூடாது. இவை அனைத்தும் பொருந்தினால் அது புழுக்கட்டி என்று துணிந்து கொள்ளலாம். வேறு நோயாளிகளிடம் இந்த அளவுகோல்களைச் சரிபார்த்து 1997-இல் மீண்டும் எழுதினார்கள்.

உறவினர் ஒருவர் வற்புறுத்தியதால் நாங்கள் வேலூர் சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர் ஃபிலிமை விளக்குப் பலகையில் செருகி, ஓரத்தில் அச்சிட்டிருந்த அளவுக்கோட்டோடு வளையத்தை ஒப்பிட்டு அளந்தார். வாந்தியோடு தலைவலி உண்டா, கையில் பலம் குறைகிறதா, இருமல், காய்ச்சல், எடைக்குறைவு உண்டா என்று வரிசையாகக் கேட்டார். கண்ணுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு, "டி.பி. மாத்திரைய நிறுத்திடலாம்மா. ஃபிட்ஸ் மாத்திரை மட்டும் விடாம சாப்பிடுங்க. சில மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் பார்ப்போம்" என்றார். அன்று எனக்கு அந்தக் கேள்விகள் வழக்கமான விசாரணையாகத் தோன்றின. ஆய்வில் வகுத்த அளவுகோல்களையே அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார் என்பது பல ஆண்டுகளுக்குப் பின், அதைப் பற்றிப் படித்தபோதுதான் விளங்கியது. அடுத்த ஸ்கேனில் வளையம் இல்லை.

ஆனால் வீட்டில் புதிய சிக்கல் தொடங்கியது. நாங்கள் சைவக் குடும்பம். பன்றியோடு தொடர்புடைய புழு என்று கேள்விப்பட்டதும், விடுதியில் என்னவெல்லாம் சாப்பிட்டாளோ என்று அத்தையே ஜாடையாகப் பேசினார். இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றவருக்கு வருவது குடலில் வாழும் நாடாப்புழு. மூளைக்குப் போவது அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டை. அந்த முட்டை கழுவாத கீரையிலோ, தண்ணீரிலோ, சமைப்பவரின் கையிலோ ஒட்டி யார் வயிற்றுக்கும் போகலாம். சைவர், அசைவர் என்ற பாகுபாடு அதற்கு இல்லை. புழு மூளையில் ஆண்டுக்கணக்கில் சத்தமின்றி இருந்துவிட்டு, சாகத் தொடங்கும்போதுதான் உடல் அதை எதிர்த்து வீக்கத்தை உண்டாக்குகிறது, வலிப்பும் வருகிறது. ஸ்கேனில் நாங்கள் பார்த்த வளையம் செத்துக்கொண்டிருந்த ஒரு புழு.

இது ஒரே ஊரின் பழைய கதை என்று சிலர் சொல்லக்கூடும். வேலூர் மாவட்டத்தில் சுமார் 50,000 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆயிரம் பேரில் ஏறத்தாழ 4 பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழுதான். எனவே இதை அபூர்வம் என்று ஒதுக்க முடியாது. மறுபுறம், மூளையில் காசநோய்க் கட்டியே வராது என்றும் நான் சொல்லவில்லை. வரும், அதற்கு மருந்து கட்டாயம் வேண்டும். இப்பதிலைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இத்துறைக் கட்டுரைகளில் சிலவற்றைப் படிக்க முயன்றபோது, முதல் பத்தியைக் காட்டிவிட்டு மீதியைப் படிக்க டாலரில் பணம் கட்டச் சொன்னது திரை. எங்கள் மாவட்டத்து மக்களின் தலையைப் படம் பிடித்து எழுதியதை அவர்களின் குடும்பத்தார் படிக்க முடியாது என்றால், இது என்ன நியாயம்? நீங்கள் சம்மதப் படிவத்தில் கையொப்பமிடும்போது, முடிவுகளை எங்களுக்கும் புரியும்படி சொல்வீர்களா என்று கேளுங்கள். அது நம் உரிமை.

இப்போது எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. புழுவைச் சூழ்ந்திருக்கும் நீர்ப்பைக்குள் அதன் தலை ஒரு சிறு புள்ளியாகவே தெரிந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. காசநோய்க் கட்டிகளில் மிகுதியாக உள்ள கொழுப்பின் சமிக்ஞையை ஸ்பெக்ட்ராஸ்கோப்பி என்ற முறையால் கண்டறியவும் முடிகிறது. அப்படியிருந்தும் பழைய ஃபிலிம்களையும் குறுந்தகடுகளையும் எறிந்துவிடாதீர்கள். கட்டி சுவடின்றி மறைந்ததா, சுண்ணாம்புத் தழும்பாக எஞ்சியதா என்பதை முந்தைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் மருத்துவர் வலிப்பு மாத்திரையை நிறுத்துவது பற்றி முடிவெடுக்கிறார். தழும்பு எஞ்சியவர்களுக்கு வலிப்பு திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் இத்தகைய ஆய்வுகள் சொன்னதே. என் தங்கைக்குத் தழும்பு இல்லை. மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். இன்று அவளுக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது.